கோ, கெட், கம்

நவம்பர் 4, செவ்வாய்
நைட் முடிஞ்சு வந்தேன். கணுக்கால் வீக்கம். விடியற்காலை ஆறாம் பெட் பாட்டி, "ஐ'வ் கம் ஓவர் ஃபன்னி, லவ்"ன்னாங்க. சிரிக்கலை. முகம் வெளுத்திருந்தது. தலைசுத்தல். பிபி 90/50. ஓஇடி இங்கிலீஷ் பரீட்சையில் வெர்டிகோ கேட்டான். இதை எவன் கேட்டான்?

நவம்பர் 5, புதன்
லீவு. தூங்க விடலை. கை ஃபாக்ஸ் ராத்திரியாம், ஊரெல்லாம் வெடி. தீபாவளிக்கு டூட்டி பார்த்தவளுக்கு இன்னிக்கு ஓசியில் சத்தம்.

நவம்பர் 7, வெள்ளி
"ஹேவ் யூ பீன் டுடே?" சீனியர் சிஸ்டர் ஒவ்வொரு பெட்டிலும் கேட்கிறா. எங்கேன்னு யாரும் திருப்பிக் கேட்கலை. அப்பத்தா கேட்குமே, "வெளிக்குப் போனியா"ன்னு. அதேதான். இது ஒண்ணு உடனே புரிஞ்சது.

நவம்பர் 8, சனி
இன்னிக்கு முழுக்க கோ ஆஃப். பால் கான் ஆஃப், புளிச்சுப்போச்சு. ஐவி பம்ப் அலாரம் வென்ட் ஆஃப், அலறுது. வராந்தா லைட் வென்ட் ஆஃப், அணைஞ்சுபோச்சு. பாட்டி கான் ஆஃப் ஹெர் டீ. டீயும் இல்லை, ராச்சாப்பாடு, பிடிக்கலையாம். கத்துறதுக்கும் அதான், அடங்குறதுக்கும் அதான். எரிச்சல். எனக்கும் பசியில்லை.

நவம்பர் 10, திங்கள்
லைப்ரரி. ஹீட்டர் சூட்டுக்காகத்தான் போனேன். ஓக்டன்னு ஒருத்தர், 1930இல் 850 சொல்லில் இங்கிலீஷை அடக்கினாராம். அதில் வினை 18 மட்டும். கம், கெட், கோ, புட், டேக். பாவி. அந்தப் பதினெட்டுதானே என் உயிரை வாங்குது! பின்னாடி ஒட்டுற அப், ஆஃப், ஓவரை யார் கணக்கில் வைப்பா? 1755இல் அகராதி போட்ட ஜான்சனும் இதே வினைகளைச் சொல்லி முன்னுரையில் புலம்பியிருக்கார். 'ரன்'னுக்கு மட்டும் ஆக்ஸ்ஃபோர்டுக்காரங்க 645 பொருள் எடுத்தாங்களாம். மனசு லேசாச்சு. பஸ் போயிடுச்சு.

நவம்பர் 12, புதன்
புதுசா வந்த மதுரைப் பொண்ணு, "ஐ பாஸ்டு அவுட் இன் 2016"ன்னா. அப்போ மயங்கினவ எப்போ எழுந்தேன்னு கேட்டான் கேர் அசிஸ்டன்ட். அவளே பலமா சிரிச்சா. நல்ல பொண்ணு.

நவம்பர் 14, வெள்ளி
"கான்ட் கீப் எனிதிங் டவுன்." பாட்டி சொல்லி முடிக்கிறதுக்குள்ளே வாந்தி கிண்ணத்தோட நின்னேன். ஆன்டான்செட்ரான் போட்டாச்சு. "யூ கெட் மீ, லவ்." கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. சில்லுனு இருந்தது கை. பாப்பாவுக்கு போன் பண்ணேன். எடுக்கலை. ஸ்கூல் நேரம்.

நவம்பர் 15, சனி
பாட்டி மகன் வந்தார். "ஹவ்'ஸ் ஷீ கெட்டிங் ஆன்?" "பிக்கிங் அப்", தேறிட்டு வர்றாங்கன்னு தயங்காமச் சொன்னேன். சாயங்காலம் மறுபடி வாந்தி. டிஸ்சார்ஜ் புட் ஆஃப். அந்த ஆள் மூஞ்சியில் எப்படி முழிக்க?

நவம்பர் 16, ஞாயிறு
மதுரைப் பொண்ணு இந்த வினைகளையெல்லாம் எழுதித் தரச் சொல்றா. நாலு பக்கம் ஆச்சு, இன்னும் கெட்டிலேயே நிக்குது. கெட் ஓவர், கெட் த்ரூ, கெட் பை. தூக்கம் வரலைன்னா 'குடுன்ட் கெட் ஆஃப்'. பேனா தீருது. கணுக்கால் இன்னும் வடியலை.