எழுபது வளைவுகளும் ஒரு மூடியும்

கொல்லிமலைக்கு ஒரு முறையேனும் போய்வர வேண்டும் என்பது நம் வீட்டாரின் நெடுநாளைய ஆசை. சங்கப் புலவர்கள் பாடிப் புகழ்ந்த வல்வில் ஓரியின் மலை. அறப்பளீசுவரர் கோயில் கொண்ட மலை. ஆகாய கங்கை அருவி விழும் மலை. இத்தனை பெருமை வாய்ந்த மலைக்கு ஏறும் வழி மட்டும் எளிதாக இருந்துவிடுமா? அடிவாரத்துக் காரவள்ளியைத் தாண்டியதும் 70 கொண்டை ஊசி வளைவுகள் ஒன்றன்பின் ஒன்றாக எதிர்கொள்கின்றன.

கோடை விடுமுறையில் ஒருநாள், நம் வயதான தாயார், இல்லத்தரசி, மகன், மகள் ஆகியோருடன் பழைய காரில் புறப்பட்டோம். நாமக்கல்லில், கூரையின்றி வெட்டவெளியில் நிற்கும் ஆஞ்சநேயரைத் தரிசித்துவிட்டுக் காரவள்ளியை அடைந்தோம். மலை ஏறுமுன் வண்டியைச் சோதிப்பதுதானே முன்யோசனை? சிறிது நேரம் என்ஜினை ஆறவிட்டு, அளவுக் கம்பியை உருவிப் பார்த்துக் குறைந்திருந்த என்ஜின் ஆயிலை நம் கையாலேயே ஊற்றினோம். அந்தச் சமயம் பார்த்து ஒரு குரங்கு வாழைப்பழப் பையைப் பறித்துக்கொண்டு ஓடிற்று. குழந்தைகள் கூச்சலிட, நாமும் துரத்தினோம். பழம் போனது போனதுதான். திரும்பி வந்து பானெட்டைச் சாத்திவிட்டு ஏறத் தொடங்கினோம்.

இருபது வளைவுகள் வரை ஆனந்தமாகக் கழிந்தன. அதன்பின் ஏதோ தீயும் வாசனை வந்தது.

"யாரோ சருகு கொளுத்துகிறார்கள்" என்றார் தாயார். "பிரேக் தேய்கிறது" என்றான் மகன். மேலே ஏறும் வண்டியில் பிரேக்குக்கு என்ன வேலை? "கிளட்ச்சாக இருக்கும், மேலே போனால் சரியாகிவிடும்" என்றோம் நாம். நம் சொல்லில் நமக்கே நம்பிக்கை இல்லை. "சரியாகாவிட்டால்? முதலில் வண்டியை நிறுத்துங்கள்" என்றாள் இல்லத்தரசி. ஒரு பக்கம் மலைச் சுவர், மறு பக்கம் பள்ளம், பின் இருக்கையில் தாயாரும் குழந்தைகளும். மறு பேச்சின்றி, அடுத்த வளைவில் சற்று அகன்ற சமதரையில் நிறுத்தி, என்ஜினை அணைத்து, எல்லோரையும் இறக்கினோம். சக்கரங்களுக்குப் பின்னால் கல் வைத்தோம்.

வெப்பமானியின் முள் நடுவிலேயே நின்றது. ஆனால் பானெட்டின் இடுக்கிலிருந்து மெல்லிய நீலப்புகை எழுந்துகொண்டிருந்தது. முந்திய வாரம் வண்டியைப் பழுது பார்த்த பட்டறைக்காரரை மனத்துக்குள் வாயார வைதோம்.

கீழிருந்து ஏறி வந்த லாரி ஒன்று நின்றது. லாரித் தொழிலுக்குப் பேர்போன ஊர் நாமக்கல். அந்த ஓட்டுநரும் அவ்வூர்க்காரரே. நெருப்பு இல்லை என்று நிச்சயப்படுத்திக்கொண்ட பிறகே அவர் பானெட்டை மெதுவாகத் தூக்கினார். முதலில் மூக்கைத்தான் உபயோகித்தார்.

"ரப்பர் கருகினா பெல்ட்டுங்க. வெல்லப்பாகு மாதிரி இனிச்ச வாசனைன்னா ரேடியேட்டர்த் தண்ணி கசியுதுங்க. பிளாஸ்டிக் வாசனைன்னா ஒயருங்க. இது எண்ணெய்ச் சட்டி தீஞ்ச வாசனை. ஆயிலுங்க" என்றார். பிறகு விரலை நீட்டி, "ஏனுங்க சார், இந்த மூடியை யாருங்க தொறந்தது?" என்று கேட்டார்.

ஆயில் ஊற்றும் வாயின் மீது மூடி வெறுமனே உட்கார்ந்திருந்தது, திருகப்படவில்லை! ஏற்றத்தில் என்ஜின் உழைக்க உழைக்க ஆயில் தெறித்து, பக்கத்திலிருந்த புகைக்குழாயின் மீது வழிந்து தீய்ந்திருக்கிறது. அந்தக் குழாய் சில நூறு டிகிரி வரை சுடக்கூடியது. ஆயில் அதிகம் கொட்டியிருந்தால் தீப்பற்றியிருக்கலாம். ஆயில் வற்றியிருந்தால் என்ஜினே இறுகிப் போயிருக்கும்.

குழந்தைகள் இருவரும் நம் முகத்தைப் பார்த்தார்கள். விடைத்தாளைத் திருப்பிப் பார்க்காமல் கொடுத்துவிடும் மாணவர்களை நாம் கண்டித்தது எத்தனை முறை! "நான்தான்" என்று ஒப்புக்கொண்டோம். பட்டறைக்காரரிடமும் மானசீகமாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டோம்.

அரைமணி நேரம் ஆறவிட்டு, வழிந்த ஆயிலைப் பழந்துணியால் துடைத்தோம். அளவுக் கம்பியில் ஆயில் கீழ்க்கோட்டுக்குச் சற்றுத் தாழ்ந்திருந்தது. நம்மிடம் மீதமிருந்ததை ஊற்றினோம். இம்முறை மூடியைத் திருகியவன் மகன், சரிபார்த்தவள் மகள். "கொஞ்ச தூரம் வாசனை வருமுங்க. குழாயில ஒட்டினது எரிஞ்சு போகணுமில்லீங்களா? புகை திரும்ப வந்தா நிறுத்திப்போடுங்க" என்று சொல்லி, பணம் வாங்க மறுத்துப் போய்விட்டார் அந்தப் புண்ணியவான்.

அவர் சொன்னபடியே நாலைந்து வளைவுகளில் வாசனை மறைந்தது. செம்மேட்டில் ஒரு மெக்கானிக்கிடம் காட்டி, வேறு கசிவில்லை என்று உறுதி செய்துகொண்டோம். பிற்பகலில், ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகளை இறங்கிச் சென்று ஆகாய கங்கையில் நனைந்தபோது, அதுவரை இருந்த படபடப்பும் தண்ணீரோடு போயிற்று.

மலைப் பயணம் போகும் நேயர்களுக்கு ஒரு வார்த்தை: கார் தன் நோயை முதலில் வாசனையால்தான் சொல்லுகிறது. அதற்குச் சமாதானம் சொல்லாமல் வண்டியை நிறுத்துங்கள். நம் வீட்டில் இப்போது இது ஒரு சடங்காகிவிட்டது. வண்டி புறப்படுமுன், "அப்பா, மூடி?" என்று மகள் கேட்பாள். நாம் இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வந்த பிறகே கதவைச் சாத்துவாள்.