வந்த தபாலை யார் பிரிப்பது?

போன வாரம் அண்ணன் மகன் கம்பெனிக்கு வந்த போலி மெயிலைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். "அப்புறம் என்ன செய்தீர்கள் டீச்சர்?" என்று நிறையப் பேர் கேட்டுவிட்டீர்கள். சின்னதாகத் தொழில் நடத்தும் பிள்ளைகள் உங்களில் பலர் இருப்பதால் விரிவாகவே எழுதுகிறேன். நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அவன் ராணிப்பேட்டையில் ஷூ அப்பர் தைத்துக் கொடுக்கும் சின்ன யூனிட் வைத்திருக்கிறான். நம் கலவை, திமிரி பக்கத்திலிருந்து வேனில் போகும் பெண்கள்தான் அங்கே பெரும்பாலும் மெஷினில் உட்காருகிறார்கள். மாதக் கடைசியில், வழக்கமாகத் தோல் வாங்கும் இடத்திலிருந்து வந்தது போல ஒரு மெயில். "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது. பாக்கி 6,80,000 ரூபாயைப் புதுக் கணக்கில் போடவும்." பில் எண் சரி, தொகையும் சரி. கணக்கு எழுதும் பெண்ணுக்குத்தான் உறுத்தியிருக்கிறது. அந்த பாய் எப்போதும் "தம்பி" என்றுதான் ஆரம்பிப்பார், இதில் "டியர் சார்" என்று இருந்தது. போன் போட்டுக் கேட்டாள். அவர் எதையும் மாற்றவில்லை. பணம் போயிருந்தால் அந்த மாதம் யாருக்கும் சம்பளம் இல்லை. அவளும் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவள்தான்.

சென்னையில் ஒரு நிறுவனத்தில் மெயில் நிர்வாகம் பார்க்கும் இன்னொரு மாணவனைக் கூப்பிட்டோம். ஞாயிற்றுக்கிழமை வந்து உட்கார்ந்தான். நானும் பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டேன்.

அவன் முதலில் கேட்டது, "நிர்வாகி கணக்கின் சாவி யாரிடம் இருக்கிறது?" என்றுதான். வெப்சைட் செய்து கொடுத்த பையனிடம். அவனோ வேலையை விட்டுப் போய் மூன்று வருஷம். கூகுள், மைக்ரோசாஃப்ட், ஜோஹோ என்று யாரிடம் மெயில் வாங்கியிருந்தாலும், கம்பெனி முழுவதற்கும் சேர்த்து ஒரு நிர்வாகப் பக்கம் உண்டு. வடிகட்டும் விதிகளை எல்லாம் அங்கேதான் வைக்க வேண்டும். அந்தச் சாவியை மீட்கவே மதியச் சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டது.

பிறகுதான் பில் எண் திருடனுக்கு எப்படித் தெரிந்தது என்று புரிந்தது. கணக்குப் பிரிவின் மெயிலுக்குள் யாரோ புகுந்து, வரும் ஒவ்வொன்றின் நகலும் வெளியே ஒரு முகவரிக்குத் தானாகப் போகும்படி வைத்திருந்தார்கள். கடவுச்சொல் கம்பெனியின் போன் எண்! மாணவன் எல்லாக் கடவுச்சொற்களையும் மாற்றி, இரண்டு படிச் சரிபார்ப்பைக் கட்டாயமாக்கி, வெளியே தானாக அனுப்பும் வசதியை மொத்தக் கம்பெனிக்கும் அடைத்தான்.

அடுத்து மூன்று எழுத்துக் கூட்டங்கள். எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க். எனக்கு நானே பாடம் நடத்திக்கொண்ட விதத்திலேயே சொல்கிறேன். எஸ்பிஎஃப் என்பது "எங்கள் பெயரில் தபால் அனுப்ப இந்த இந்த ஆட்களுக்குத்தான் அனுமதி" என்று ஊரறிய ஒட்டும் அறிவிப்பு. டிகேஐஎம் என்பது கேள்வித்தாள் கட்டின் அரக்கு முத்திரை மாதிரி. வழியில் யாராவது பிரித்து மாற்றினால் முத்திரை பொருந்தாது. இரண்டில் ஒன்றாவது அனுப்புநர் பெயரோடு ஒத்துப்போகாவிட்டால் அந்த மெயிலை என்ன செய்வது என்று வாங்குபவருக்கு நாம் சொல்லிவைப்பது டிமார்க். சும்மா கவனி, தனியே ஒதுக்கு, திருப்பியடி என்று மூன்று நிலை. 2024 பிப்ரவரியிலிருந்து, மொத்தமாக நிறைய மெயில் அனுப்புகிறவர்கள் இவை மூன்றும் வைத்திருக்க வேண்டும் என்று கூகுளும் யாஹூவும் விதித்துவிட்டன.

"அப்படியானால் இது இருந்திருந்தால் அந்த மெயில் வந்திருக்காதா?" என்று கேட்டேன். "வந்திருக்கும் டீச்சர்" என்றான். திருடன் பாயின் பெயரைத் திருடவில்லை, அதுபோலவே தெரியும் வேறொரு பெயரை வாங்கியிருக்கிறான். ஆங்கிலத்தில் ஆர், என் இரண்டையும் ஒட்டிப் போட்டால் எம் மாதிரி தெரியும் அல்லவா? அந்தப் பெயருக்கு அவனே அறிவிப்பும் முத்திரையும் வைத்துக்கொள்ளலாம், எல்லாம் சரியாகவே இருக்கும். நம் தமிழில் ஔ என்ற ஒரே எழுத்தையும், ஒ போட்டுப் பக்கத்தில் ள போட்டதையும் எத்தனை பேர் பிரித்துப் பார்ப்பீர்கள்? உங்கள் நோட்டில் சிவப்பு மையால் சுழித்திருக்கிறேன், ஞாபகம் இருக்கும்.

அதனால் வேறு சில விதிகளும் வைத்தான். வெளியிலிருந்து வரும் எல்லாவற்றின் தலையிலும் "வெளி மெயில்" என்ற பட்டை. ஓடக்கூடிய கோப்புகளும் பூட்டிய ஜிப் கோப்புகளும் நேராக உள்ளே வராது. கணக்கு மாற்றம் பற்றிப் பேசும் மெயில் எதுவும் ஒதுக்கத்துக்குப் போகும், ஒருவர் பார்த்துத்தான் விட வேண்டும். அதற்கு மேல், பழைய எண்ணுக்குப் போன் செய்யாமல் கணக்கை மாற்றக் கூடாது. இது கணினி விதியில்லை, மனுஷ விதி.

பெரிய இடங்களே இதில் விழுந்திருக்கின்றன. 2016 பிப்ரவரியில் வங்கதேச மத்திய வங்கியின் கணக்கிலிருந்து 8.1 கோடி டாலர் திருடு போனது. வேலை கேட்டு எழுதுவது போல அதற்கு முந்தைய வருஷம் ஊழியர்களுக்கு வந்த மெயில்கள்தான் தொடக்கம் என்று அமெரிக்க நீதித்துறையின் புகார் மனு சொல்கிறது. வேண்டாத விளம்பர மெயிலின் கதை இன்னும் பழையது. 1978 மே மாதமே, கேரி துயர்க் என்ற கணினி விற்பனைக்காரர் ஒரே விளம்பரத்தை நானூறு பேருக்கு அனுப்பித் திட்டு வாங்கினார். இன்று அவர் பரம சாதுவாகத் தெரிகிறார்.

வடிகட்டியை இறுக்கினால் நல்லதும் நிற்கும். இரண்டாம் நாளே, இத்தாலிக்காரர் அனுப்பிய பேட்டர்ன் கோப்பு பூட்டிய ஜிப்பில் வந்து ஒதுக்கத்தில் கிடந்தது. சாம்பிள் ஒரு நாள் தள்ளிப்போனது. அண்ணன் மகனுக்குக் கோபம். "ஜிமெயிலிலிருந்து வருவது எல்லாம் விடு என்று போட்டுவிடலாமா அத்தை?" என்கிறான். ஊரில் பாதிப் பேர் ஜிமெயில்தான். அப்படி அனுமதித்தால் வாசலில் ஆள் வைத்துவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து வைப்பது போல. தெரிந்த தனி முகவரிகளை மட்டும் சேர்க்கச் சொன்னேன், அரை மனதோடு கேட்டுக்கொண்டான்.

எனக்கு உறுத்துவது வேறு. ஒதுக்கத்தைப் பார்ப்பவர் எல்லோருடைய தபாலையும் பிரிப்பவராகிவிடுகிறார். வேனில் வரும் ஒரு பெண் பிரசவ விடுப்புக்கு எழுதியதும் அங்கே சிக்கலாம். அதனால் அந்த வேலையை முதலாளிக்குக் கொடுக்காமல் கணக்கு எழுதும் பெண்ணிடமே கொடுக்கச் சொன்னேன். யார் எதைத் திறந்தார்கள் என்பது பதிவாகிறது என்று எல்லோருக்கும் முன்கூட்டியே தெரிவித்திருக்கிறார்கள்.

பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930க்குப் போன் செய்யுங்கள். முதல் சில மணி நேரத்துக்குள் சொன்னால் வழியிலேயே நிறுத்த வாய்ப்பு உண்டு.

டிமார்க் இப்போது "சும்மா கவனி" நிலையில்தான் இருக்கிறது. தினமும் அறிக்கை வருகிறது. சம்பளச் சீட்டு அனுப்பும் மென்பொருளும் கம்பெனி பெயரிலேயே மெயில் அனுப்புகிறது, அனுமதிப் பட்டியலில் அது இல்லை என்பது அதைப் பார்த்துத்தான் தெரிந்தது. அதைச் சேர்த்துவிட்டு அடுத்த மாதம் "தனியே ஒதுக்கு" நிலைக்கு மாற்றுவதாக மாணவன் சொல்லியிருக்கிறான். அன்று மதியச் சாப்பாடு நம் வீட்டில்.