மண்டியோடு கிடக்கும் ஒயின்

பிரெஞ்சு ஒயின்களின் விலைப்பட்டியலில் மஸ்கடே பெரும்பாலும் அடிவரிசையில்தான் இருக்கும். நல்ல பர்கண்டி வெள்ளை ஒயின் ஒரு புட்டிக்குக் கொடுக்கும் காசில் இதைப் பல புட்டிகள் வாங்கலாம். மலிவாகக் கிடைப்பதாலேயே இதை மட்டம் என்று ஒதுக்குவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

லுவார் ஆறு கடலில் கலக்கும் பக்கம், நாந்த் நகரைச் சுற்றி விளைவது இது. திராட்சையின் பெயர் மெலோன், பூர்வீகம் பர்கண்டி. 1709 குளிர்காலத்தில் பிரான்சே உறைந்துபோனது. இங்கிருந்த கொடிகளும் பட்டுப்போயின. அதன்பிறகு குளிர் தாங்கும் மெலோனைப் பரவலாக நட்டார்கள். பிராந்தி காய்ச்ச வெள்ளை ஒயின் கேட்டு வந்த டச்சு வணிகர்களுக்கும் அது தோதாக இருந்தது. அவர்களுக்கு வேண்டியது அளவு. ருசி இரண்டாம் பட்சம். மலிவுச் சரக்கு என்ற பேர் அந்தச் சந்தையில் ஒட்டிக்கொண்டது என்றே நினைக்கிறேன். மண்ணைக் குறை சொல்ல முடியாது.

மெலோனுக்குத் தனக்கென்று பெரிய மணம் கிடையாது. அதை ஈடுகட்டுவது மண்டி. நொதித்து முடிந்ததும் செத்த ஈஸ்ட் அடியில் படியும். வேறு ஊர்களில் பல ஒயின்களைச் சீக்கிரமே தெளிவாக இறுத்துவிடுவார்கள். இங்கே குளிர்காலம் முழுக்க மண்டிமேலேயே கிடக்கவிட்டு, அதிலிருந்து நேரே புட்டியில் அடைக்கிறார்கள். அப்படிச் செய்ததற்கு அடையாளமாகத்தான் லேபிளில் 'சூர் லீ' என்று போடுகிறார்கள். கிளாஸில் ஊற்றினால் ஏறக்குறைய தண்ணீர் நிறம், ஓரத்தில் லேசான பச்சை. நாக்கில் வைத்ததும் மெல்லிய சுறுசுறுப்பு; எலுமிச்சைப் புளிப்பு, ரொட்டியின் சாயல், கடைசியில் ஒரு உப்புக் கரிப்பு. பச்சைச் சிப்பியோடு குடித்துப் பார்த்தால், அதன்மேல் எலுமிச்சை பிழியவே தோன்றாது.

2011இல் கிளிசோன், கோர்ஜ், லெ பாலே ஆகிய மூன்று ஊர்களின் பெயரையும் லேபிளில் போட்டுக்கொள்ள உரிமை கிடைத்தது. கிளிசோன் கருங்கல் பூமி. அங்கே ஒயின் குறைந்தது இரண்டு வருடம் மண்டியில் கிடக்க வேண்டும். வயதேறிய கிளிசோனைக் குடித்தவர்கள் இந்தத் திராட்சையைப் பற்றிப் பேசும் தொனியே மாறிவிடும். அதற்கும் பர்கண்டி விலை கிடையாது.

அந்த விலைதான் எனக்கு உறுத்துகிறது. 2021 ஏப்ரலில் துளிர்த்த மொட்டுகளை உறைபனி கருக்கிவிட்டது. ஒரு வருட விளைச்சல் போனால் தாங்குவதற்கு, முந்தைய வருடங்களில் நாலு காசு மிஞ்சியிருக்க வேண்டும். ஏற்கெனவே பல தோட்டங்களில் கொடிகளைப் பிடுங்கிவிட்டார்கள். மஸ்கடேக்காரர்கள் விலையைக் கொஞ்சம் ஏற்றினால் ஏற்றட்டும். அது அவர்களுக்கு எப்போதோ சேர்ந்திருக்க வேண்டிய காசு.