கால் மில்லிமீட்டர்

“நீங்கள் இந்தியர்தானே, அவனிடம் இந்தியில் பேசிப் பாருங்களேன்” என்றார் செவிலியர்.

2019. ஜெர்மனியில் ரைன் நதிக்கரையோரம் ஒரு சிறு நகரத்து மருத்துவமனை. கட்டிலில் ஒன்பது வயது ஆப்கான் பையன். சினிமா பார்த்துப் பழகிய நாலைந்து வரி இந்தி அவனிடம் இருந்தது. மதுரைக்காரனான என்னிடம் அதுவும் இல்லை. இந்தி தெரியாததற்காக நான் வெட்கப்பட்டது வாழ்க்கையில் அந்த ஒரு மதியம்தான். அவனும் என்னைப் போலி இந்தியனாகத்தான் பார்த்தான்.

கூட அம்மா இல்லை, அப்பா இல்லை. ஏற்பாடே அப்படித்தான். ஓபர்ஹவுசன் நகரில் ‘ஃபிரீடன்ஸ்டோர்ஃப்’ என்று ஓர் அமைப்பு இருக்கிறது. அமைதி கிராமம் என்று பொருள். 1967-இல், அரபு–இஸ்ரேல் போர் நடந்த ஆண்டில், அந்த ஊர்க்காரர்கள் சேர்ந்து தொடங்கியது. வியட்நாம் குழந்தைகள் வந்தார்கள். பின்னாளில் அங்கோலா, ஆப்கானிஸ்தான் என்று நீண்டது. சொந்த நாட்டில் சிகிச்சைக்கு வழியில்லாத, இங்கே கொண்டுவந்தால் குணமாகும் என்று நம்ப இடமிருக்கிற ஏழை வீட்டுக் குழந்தைகளைத் தனி விமானத்தில் அழைத்துவருவார்கள். பல ஊர் மருத்துவமனைகள் இலவசமாகப் படுக்கை தரும். குணமானதும் குழந்தை வீட்டுக்குத் திரும்பியாக வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனையை முதலில் படித்தபோது, அலுவலக விதி ஒன்றைப் படிப்பதுபோலப் படித்துவிட்டுத் தாண்டிப் போனேன்.

தனியாகக் கிடக்கும் இந்தக் குழந்தைகளைப் போய்ப் பார்ப்பது தன்னார்வலர்களின் வேலை. வேலை என்றால் பக்கத்தில் உட்காருவது, சீட்டு விளையாடித் தோற்பது, அவ்வளவுதான். என்னை இதில் சேர்த்துவிட்டவர் ஒரு யாழ்ப்பாணத்து அக்கா. எண்பதுகளில் அகதியாக வந்தவர். ஹாம் காமாட்சி அம்மன் கோயிலில் எங்களுக்குப் பழக்கம். எனக்கும் மனைவிக்கும் அப்போது குழந்தை இல்லை. அதற்காக நாங்கள் ஏறி இறங்கிய மருத்துவமனைகளைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. சனிக்கிழமைகள் நீளமாக இருந்தன, அக்கா கூப்பிட்டார், போனேன்.

பையனுக்கு வலது காலில், முழங்காலுக்குக் கீழே, குண்டுச் சிதறல் பாய்ந்திருந்தது. ஊரில் காயத்தைத் தைத்து அனுப்பிவிட்டார்கள். மேலே தோல் மூடிக்கொண்டது, உள்ளே எலும்பு சீழ் பிடித்தது. செத்துப்போன எலும்பில் ரத்த ஓட்டம் கிடையாது. எனவே எந்த ஆன்டிபயாடிக்கும் அங்கே போய்ச் சேராது. வெட்டி எடுப்பதுதான் வழி. ஐந்து சென்டிமீட்டர் எடுத்தார்கள்.

அந்த இடைவெளியை அடைக்கும் முறைதான் எனக்குள் இருந்த இன்ஜினியரைக் கட்டிப்போட்டது. இலிசரோவ் என்ற சோவியத் மருத்துவர், சைபீரியாவின் குர்கான் நகரில், இரண்டாம் உலகப்போரில் அடிபட்டு எலும்பு கூடாமலே இருந்த சிப்பாய்களுக்குச் செய்து பார்த்தது. காலைச் சுற்றி உலோக வளையங்கள், அவற்றிலிருந்து எலும்பை ஊடுருவும் மெல்லிய கம்பிகள். நல்ல எலும்பை வேறொரு இடத்தில் அறுத்து, அந்தத் துண்டை இடைவெளிக்குள் மெல்ல நகர்த்துவார்கள். பின்னால் விட்டுவரும் பிளவில் புது எலும்பு தானாக வளரும். நாளுக்கு ஒரு மில்லிமீட்டர்தான் நகர்த்தலாம். அதுவும் ஒரேயடியாக அல்ல, நாலு தவணையாக. வேகம் கூடினால் எலும்பு உருவாகாது. குறைந்தால் பாதியிலேயே இறுகிவிடும். ஒரு சின்ன ஸ்பேனரை வைத்து, செவிலியர் பக்கத்தில் நிற்க, பையனே திருகினான். ஒவ்வொரு முறையும் கால் மில்லிமீட்டர். தமிழில் காலுக்கும் கால்தான் என்பதை அவனுக்கு விளக்க ஆசை. என் ஜெர்மன் அதற்குப் போதவில்லை.

நான் சும்மா இருந்திருக்கலாம். எக்ஸெலில் ஐம்பது வரிசை, நாலு நிரல், மொத்தம் 200 கட்டம் போட்டு அச்சடித்துக் கொண்டுபோனேன். ஒவ்வொரு திருகலுக்கும் ஒரு கட்டத்துக்கு வண்ணம். அவனுக்குப் பிடித்துப்போயிற்று. சுவரில் ஒட்டி, நாள் தவறாமல் அடித்தான். நடுவே ஜெர்மன் அவனுக்கு மளமளவென்று வந்தது, ஆறு வருடமாக எனக்கு வராத ஜெர்மன். ஒருநாள் மொழிபெயர்ப்பாளரிடம் பேசும்போது முழங்காலுக்கான தாரி வார்த்தையைத் தேடி, கிடைக்காமல், ஜெர்மனில் ‘க்னீ’ என்றான். நாங்கள் சிரித்தோம். அவன் சிரிக்கவில்லை.

இருநூறாவது கட்டம் முடிந்த சனிக்கிழமை, துணிகளை ஒரு பிளாஸ்டிக் பையில் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். “நாக் ஹவுசே” என்றான். வீட்டுக்கு. புது எலும்பு இன்னும் இளசு, இறுக மேலும் பல மாதம் ஆகும், அதுவரை வளையங்கள் இருக்கும் என்று மருத்துவர் வந்து சொன்னார். இது எனக்கு முன்பே தெரியும். கட்டம் போடும் உற்சாகத்தில் சொல்லாமல் விட்டிருந்தேன். அவன் அழவில்லை. தாளைச் சுவரிலிருந்து கழற்றி, நாலாக மடித்து, என்னிடமே கொடுத்தான். அடுத்த இரண்டு வாரம் பேசவில்லை.

“வருவன் எண்டு சொன்னா வாங்கோ தம்பி. நீ போவாய் எண்டு மட்டும் சொல்லாதேங்கோ. நாள் குறிக்க நாங்கள் ஆர்?” என்றார் அக்கா.

மனைவியும் வர ஆரம்பித்திருந்தாள். ஒரு ராத்திரி சமையலறையில், “இவன் இங்கயே இருந்துட்டா என்னங்க? திரும்பிப் போனா மறுபடி குண்டுதானே” என்றாள். எனக்கும் அதே எண்ணம் ஓடிக்கொண்டிருந்தது. அதை என் பெயரில் கேட்கக் கூச்சப்பட்டு, பொதுவாகக் கேட்பதுபோல அக்காவிடம் கேட்டேன். அவர் காரோட்டிக்கொண்டிருந்தார்.

“தாய் பிள்ளையை எங்களுக்குத் தரேல்லைத் தம்பி. காலைத்தான் தந்துவிட்டவ. ஒரு பிள்ளை திரும்பாட்டி, அடுத்த பிளேனுக்கு எந்தத் தாய் நம்பிக் குடுப்பா?”

கொஞ்ச தூரம் போனபின், கேட்காமலே சொன்னார். 2009-இல் புதுமாத்தளன் கரையிலிருந்து செஞ்சிலுவைச் சங்கம் காயப்பட்டவர்களைக் கப்பலில் திருகோணமலைக்கு ஏற்றியது. “அக்கான்ர மகனும் அந்தக் கரையில கிடந்தவன். பதினொரு வயசு. கப்பலில இடம் கிடைக்கேல்லை.” அதற்குமேல் அவர் பேசவில்லை. நானும் வாய் திறக்கவில்லை.

அடுத்த பிப்ரவரியில் பயணம் என்று முடிவானது. வளையங்கள் போய், கால்கள் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே நீளம். லேசாகச் சாய்ந்து நடந்தான். மனைவி அளவெடுத்து ஒரு நீல ஷூ வாங்கினாள். அக்கா அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “மாத்துங்கோ, அங்க ரெண்டு வருசம் போட வேணும்” என்றார். இரண்டு அளவு பெரிதாக மாற்றி வாங்கி, முன்னால் செய்தித்தாளைச் சுருட்டி வைத்துக் கொடுத்தோம். வராந்தாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்து காட்டினான். எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை, ஷூவையே பார்த்துக்கொண்டு நடந்தான்.

2021 ஆகஸ்டில் காபூல் விமான நிலையத்துக் கூட்டத்தைத் தொலைக்காட்சியில் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். நான் முகங்களைத் தேடிக்கொண்டிருந்தேன். மனைவி கீழே, கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இப்ப அளவு சரியா இருக்கும்” என்றாள்.