மின்வழங்கியும் பத்துப் பொருத்தமும்

பௌதிகவியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் யான். கணினி திருத்துதல் என் தொழிலன்று. ஆயினும் சென்ற ஐப்பசி மாதத்து இடிமழை ஒன்றில் எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்துக் கணினி மூச்சடங்கியபோது, "மாஸ்ரர், நீங்கள்தான் ஒருக்காற் பார்க்கவேண்டும்" என்று செயலாளர் என் வீட்டுப் படலையடியில் வந்து நின்றார். கனடாவில் வாழும் ஊரவர் அனுப்பிய இயந்திரம் அது. உயர்தரப் பரீட்சைக்குச் சில கிழமைகளே இருந்தன. பழைய வினாத்தாள்களைப் பிள்ளைகள் அதிலேயே பார்த்தும் அச்சிட்டும் வந்தனர். நிலையத்தின் கையிருப்போ ஓர் உதிரிப்பாகத்துக்குப் போதும். புதுக் கணினிக்குப் போதாது.

பழுது மின்வழங்கியில் என்பது விரைவிற் புலனாயிற்று. கடைக்காரர் 'பவர் சப்ளை' என்பது இதனையே. சுவரிலிருந்து வரும் 230 வோல்ற்று ஆடலோட்டத்தைக் கணினிக்கேற்ற சிறு நேரோட்டமாக்கித் தருவது இதன் வேலை. (இதனைத் திறந்து பார்க்க ஆசைப்படும் மாணவர்க்கு ஒரு சொல்: உள்ளேயுள்ள பெரிய கொள்ளளவியில் ஏறத்தாழ 325 வோல்ற்று ஏறியிருக்கும், சுவரிலிருந்து கழற்றிய பின்னும் சிறிதுநேரம் அங்கே தங்கும். திறவாதிருத்தல் நன்று.)

இன்டெல் நிறுவனம் 1995 இல் வகுத்த ஏ.ரி.எக்ஸ். என்னும் நியமப்படி செய்த வழங்கிகளே கடைகளில் எளிதிற் கிடைப்பவை. மஞ்சட் கம்பியில் 12 வோல்ற்று, சிவப்பில் 5, செம்மஞ்சளில் 3.3, கணினி உறங்கும்போதும் விழித்திருக்கும் ஊதாக் கம்பியில் 5. எங்கள் இயந்திரமோ ஒடுங்கிய உடலது. அதன் வழங்கியும் ஒடுங்கியது. தாய்ப்பலகைக்குச் செல்லும் செருகியில் ஆறே துளைகள்.

யாழ்ப்பாண நகரிற் கடை வைத்திருக்கும் என் பழைய மாணாக்கர், "சேர், கம்பிகளை வெட்டி ஒட்டிவிடுவோம், பத்து நிமிட வேலை" என்றார். கைத்திறன் மிக்கவர்; சொன்னால் செய்துமுடிப்பார். ஆதலாலேயே அவரைத் தடுக்கவேண்டியிருந்தது.

நிற்க. 1990 இல் மின்சாரம் நின்ற பின் இக்குடாநாட்டில் நாம் எதனோடும் எதனையும் ஒட்டியே வாழ்ந்தோம். மின்கலங்களுக்குத் தடை இருந்தது. சைக்கிளைக் கவிழ்த்துவைத்து ஒருவர் மிதிக்க, 6 வோல்ற்றுத் தைனமோவின் ஆடலோட்டத்தை இருவாயிகள் நேராக்க, செய்தி கேட்டோம். அது பலித்ததற்குக் காரணம், வருவது இன்னது, வேண்டுவது இன்னது என்று அறிந்திருந்தமையே. ஒட்டும் கை அன்று பெற்றதுதான். கணக்குப் பார்க்கும் வழக்கமும் அன்று பெற்றதே.

வடிவம் மட்டும் ஒத்துவருவதிலுள்ள ஆபத்துக்கு உலகறிந்த சான்று உண்டு. 1990களின் பிற்பகுதியில் டெல் நிறுவனம் விற்ற மேசைக் கணினிகள் சிலவற்றிற் செருகி நியமத்து வடிவமே. கம்பிகளின் ஒழுங்கோ வேறு. பொது வழங்கியை நம்பிச் செருகியோர் சிலர் தாய்ப்பலகையை இழந்தனர். சாதகம் பாராது முகத்தை மட்டும் பார்த்துச் செய்த சம்பந்தம் போலாயிற்று. எங்கள் இயந்திரம் வேறொரு நிறுவனத்தினது. செருகியின் வடிவமே வேறாதலால் கை தானே தயங்கும். ஒருவகையில் அது நேர்மை என்பேன்.

பழைய வழங்கியின் முதுகில் ஒட்டியிருந்த சீட்டே எங்களுக்குச் சாதகமாயிற்று. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வாசித்தேன். எல்லாம் 12 வோல்ற்று. 5 உம் 3.3 உம் தாய்ப்பலகை தானே ஆக்கிக்கொள்பவை. உறங்கும்போது வேண்டியதும் 12. பொது வழங்கியின் ஊதாக் கம்பி தருவதோ 5 மாத்திரமே. வெறுங்கம்பியை எவ்வளவு அழகாக ஒட்டினும் 5 பன்னிரண்டாகாது. மாணாக்கர் சீட்டை இருமுறை பார்த்துவிட்டு வெட்டுக்குறட்டைக் கீழே வைத்தார்.

அந்த 5 ஐ 12 ஆக உயர்த்தும் சிறு பலகையோடு கூடிய மாற்றுக்கம்பி உண்டென்று அவரே தேடியறிந்தார். கொழும்பிலிருந்து அது வர ஒன்பது நாள் சென்றது. அதுவரை பிள்ளைகள் வினாத்தாள்களைக் கையாற் பிரதிசெய்தனர். வந்ததும் தாய்ப்பலகையிற் செருகுமுன் பொது வழங்கியோடு மட்டும் பூட்டி, ஆறு துளைகளையும் பல்மானியால் ஒவ்வொன்றாக அளந்தோம். சீட்டிற் கண்டதும் முள் காட்டியதும் ஒத்தன. அதன் பின்னரே செருகினோம், திரை ஒளிர்ந்தது.

புதிய வழங்கி பருத்தது, பெட்டியினுள் அடங்கவில்லை. பனஞ்சலாகைத் துண்டொன்றின்மேல் வெளியே அமர்த்தி, காற்றோட்டம் மறையாதபடி கம்பிவலை அடித்திருக்கிறோம். இடி முழங்கினால் சுவரிலிருந்து கழற்றும் பொறுப்பை உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தி ஏற்றிருக்கிறாள்.