வீராணத்து மீனும் பருவங்களும்

வீராணம் ஏரியில் எந்த இடத்தில், எந்த மாதத்தில் தூண்டில் போட்டால் மீன் அகப்படும் என்று விடுமுறைக்கு வரும் பிள்ளைகள் என்னிடம் கேட்பதுண்டு. ஏரிக்கரை ஊர்களில் பல ஆண்டுகள் பணியாற்றியவன் என்பதால், கரையோரத்துப் பெரியவர்களிடம் கேட்டும் கண்டும் அறிந்தவற்றை இங்கே எழுதுகிறேன்.

பத்தாம் நூற்றாண்டில் சோழ இளவரசன் இராஜாதித்தன் அமைத்த இவ்வேரிக்குக் கரை கிழக்கே. நீர் வருவது தெற்கிலிருந்தும் மேற்கிலிருந்தும். மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12இல் திறக்கப்படும். அந்நீர் கொள்ளிடத்தில் 1836இல் கட்டப்பட்ட கீழணையை அடைந்து, வடவாறு வழியாக ஏரியில் புகும். ஐப்பசி, கார்த்திகையில் மேற்கேயிருந்து செங்கால் ஓடையும் கருவாட்டு ஓடையும் மழைநீரைக் கொண்டு சேர்க்கும். (மீன் நிறைந்த ஏரிக்குக் கருவாடு என்னும் பெயருடைய ஓடை நீர் தருவது வேடிக்கைதான்!)

புதுநீர் வந்ததும் மீன்கள் அதை எதிர்த்து ஏறும். அப்பொழுது நீர் புகும் வாய்களில் வலை கட்டினால் கூடை கூடையாக அள்ளலாம். அதுவே எனக்கு வருத்தம் தருவது. ஏறி வருபவற்றில் பெரும்பாலானவை சினை மீன்கள்.

விராலின் இயல்பை அறிந்தவர் அவ்வாறு செய்யார். அது புல் பூண்டு அடர்ந்த ஆழமற்ற ஓரத்தில் முட்டையிட்டு, குஞ்சு வெளிவந்த பின்னும் காவல் காக்கும். செந்நிறக் குஞ்சுகள் பந்துபோலத் திரண்டு நீர்மேல் அசையும்; அடியில் தாயோ தந்தையோ நிற்கும். அப்பந்தின் நடுவே தூண்டிலை இறக்கினால் பெரிய விரால் சினந்து பாய்ந்து கவ்வும். பிடிப்பது எளிது, ஆனால் காவல் இழந்த அந்தக் குஞ்சுகள் அனைத்தும் சில நாழிகையில் பிற மீன்களுக்கு இரையாகிவிடும். அரைக்கிலோ மீனுக்காக ஒரு தலைமுறையையே கொடுப்பதா?

கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகளுக்குத் தடை உண்டு. கடலூர்த் துறைமுகத்தார் அக்காலத்துக் கஷ்டத்தைத் தாங்கிக்கொள்கின்றனர். குஞ்சுப் பந்து தென்படும் நாள்களில் நாமும் அவ்விடத்தை விட்டு விலகலாமே.

கட்லா, ரோகு, மிர்கால் ஆகியவை தேங்கிய நீரில் இனம் பெருக்குவதில்லை; குஞ்சுகளை வாங்கி விட்டால்தான் உண்டு. ஆகவே குத்தகைதாரரையோ கூட்டுறவுச் சங்கத்தாரையோ கேட்காமல் அவற்றைப் பிடிப்பது பிறர் பொருளில் கை வைப்பதாகும். 1952இல் நம் நாட்டுக்கு வந்த ஜிலேபிக் கெண்டையோ எங்கும் பெருகிக் கிடக்கிறது. சிறுவர்கள் மண்புழு கோத்து அதைத் தாராளமாகப் பிடிக்கட்டும்.

மார்கழி, தையில் பனி விலகி வெயில் ஏறிய பிறகே மீன் இரை எடுக்கும். விடியலில் சென்று குளிரில் நடுங்க வேண்டியதில்லை. மாசி, பங்குனியில் நீர் இறங்கும்பொழுதுதான் தூண்டிற்காரனுக்கு உகந்த காலம். காலையிலும் அந்தியிலும் மதகடிப் பள்ளங்களில் கெண்டையும் கெளுத்தியும் சேரும். நண்பகலில் குமிழி எழும் இடத்தைக் கவனியுங்கள். விரால் மேலே வந்து காற்றை விழுங்கிச் செல்கிறது. ஆனால் 2004 முதல் சென்னைக்கும் இங்கிருந்து குடிநீர் செல்வதால், பழைய மாதக் கணக்கு எல்லா ஆண்டும் பொருந்துவதில்லை. புறப்படுமுன் ஏரியின் மட்டத்தை விசாரித்துக்கொள்வது நலம்.

கோடையில் வீராணம் வற்றினால், குறிஞ்சிப்பாடிப் பக்கத்துப் பெருமாள் ஏரிக்குச் செல்லலாம். நெய்வேலிச் சுரங்க நீரும் அங்கே வந்து சேர்கிறது. சிதம்பரத்தாருக்கு வெள்ளாற்றுக் கழிமுகம் அருகிலேயே இருக்கிறது; பரங்கிப்பேட்டையில் ஏற்றம் தொடங்கும் வேளையில் மடவை கூட்டமாக உள்ளே வரும்.