சுக்கானில் காற்று

நம்முடைய மேடைகளில் புழங்கிப் புழங்கிக் கந்தலாகிப்போன சொற்களில் சுக்கானும் ஒன்று. குடும்பக் கப்பலின் சுக்கான், கட்சிக் கப்பலின் சுக்கான் என்று எத்தனையோ கேட்டாயிற்று. அசல் சுக்கான் ஒன்றின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்பதை நான் பார்த்தது மலேசியாவில், லங்காவித் தீவில்.

நண்பர் பினாங்குக்காரர். சரக்குக் கப்பல்களில் எஞ்சினீயராக இருந்து ஓய்வு பெற்றவர். 36 அடிப் பாய்மரப் படகு ஒன்றைக் குவா துறையில் கட்டி வைத்திருக்கிறார். முன்பெல்லாம் அதைத் திருப்பச் சுக்கானோடு நேராகப் பிணைத்த ஒரு நீண்ட கட்டைதான். வலது தோள் மூட்டு தேய்ந்து, கையை மடக்கி இழுக்கவே கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகு, சக்கரமும் ஹைட்ராலிக் ஏற்பாடும் பொருத்திக்கொண்டார்.

ஏற்பாடு எளிமையானதுதான். சக்கரத்துக்குப் பின்னால் ஒரு சின்ன பம்ப். சக்கரத்தைச் சுற்றினால் அது எண்ணெயைக் குழாய் வழியே தள்ளுகிறது. பின்தளத்துக்கு அடியிலுள்ள சிலிண்டரில் எண்ணெய் புகுந்து ஒரு தண்டை நகர்த்த, தண்டு சுக்கானைத் திருப்புகிறது. மூடிய திரவத்தில் ஓரிடத்தில் கொடுத்த அழுத்தம் எல்லாப் பக்கமும் ஒரே அளவாகப் பரவும் என்ற பாஸ்கலின் தத்துவம். அந்த மனிதர் இறந்த மறுவருஷம், 1663-ல், அச்சேறியது. பாவம், தம் தத்துவத்தில் ஒருவர் தோள்வலி தீர்த்துக்கொள்வார் என்று நினைத்திருப்பாரா!

நான் போய் இறங்கிய அன்று வீட்டில் ஒரு சின்ன யுத்தம். நண்பர் மறுநாள் தன்னந்தனியாகத் தாய்லாந்துக் கரைக்குப் புறப்படுவதாக இருந்தார்.

"அண்ணே, நீங்களாவது சொல்லுங்க. சக்கரம் சொன்னபடி கேட்கலைன்னு இவரே சொல்றார். அப்புறம் எந்தத் தைரியத்தில் கிளம்புறார்?" என்றார் அவர் மனைவி.

விஷயம் இதுதான். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை சுக்கான் திரும்பச் சக்கரத்தை ஐந்து சுற்றுச் சுற்ற வேண்டும். இப்போது ஏழு ஆகிறது. முதல் சுற்றில் சக்கரம் பஞ்சை அமுக்குவது போல் மெத்தென்று போகிறது, சுக்கான் அசைவதில்லை. எண்ணெய் அமுங்காது, காற்று அமுங்கும். ஆகவே உள்ளே காற்று புகுந்திருக்கிறது.

"எண்ணெயை நிரப்பிவிட்டால் போதாதா?" என்று கேட்டேன்.

"ஓட்டைக் குடத்துக்குத் தண்ணீர் சுமக்கச் சொல்கிறீர்கள்" என்று சிரித்தார். ஒரு வெள்ளைத் துணியால் சிலிண்டர் தண்டைத் துடைத்துக் காட்டினார். எண்ணெய்க் கறை. உப்பு படிந்து உறைந்து, தண்டு உள்ளே போய் வரும் போதெல்லாம் ரப்பர் சீலை அராவியிருக்கிறது. அங்கே எண்ணெய் கசிந்து குறைய, மேலே பம்ப் காற்றை உறிஞ்சியிருக்கிறது. லாரி பிரேக் எண்ணெய் ஊற்றிச் சமாளிப்பவர்களும் உண்டாம். அது இந்தச் சீலை ஊதவைத்து, இருந்த கசிவைப் பெருங்கசிவாக்கிவிடும்.

புது சீல் போட்டாயிற்று. பிறகு காற்று எடுப்பது. நம்மூர் லாரிப் பட்டறைகளில் பிரேக்குக்குச் செய்கிற அதே காரியம். அம்மாள் சக்கரத்தில், நண்பர் பின்தள அறைக்குள் மல்லாந்து, நான் பம்ப் வாயில் எண்ணெயும் கையுமாக. மட்டம் குறைந்தால் மறுபடியும் காற்றுப் புகும் என்பதால் என் பதவி சாமான்யமானதல்ல. அம்மாள் மெதுவாக இடது பக்கம் சுற்ற, அவர் சிலிண்டரின் திருகைத் தளர்த்த, கண்ணாடிக் குழாயில் குமிழிகள் கொத்துக் கொத்தாக வந்தன. பிறகு வலது பக்கம். மறுபடியும் இடது. இரண்டு மணி நேரத்தில் குமிழிகள் கடுகளவாகி, நின்றுபோயின. சக்கரம் ஐந்து சுற்றுக்கு வந்தது.

யுத்தம் ஓயவில்லை. "நடுக்கடலில் குழாய் வெடிச்சா?" என்றார் அம்மாள்.

கேள்வி நியாயமானது. 1978 மார்ச் 16-ல் ஆமோகோ காடிஸ் என்ற எண்ணெய்க் கப்பல் பிரான்ஸின் பிரிட்டனிக் கரையோரம் வந்துகொண்டிருந்தது. சுக்கானின் ஹைட்ராலிக் ஏற்பாடு உடைந்து எண்ணெய் கொட்டிப்போயிற்று. எஞ்சினீயர்கள் முயன்றும் பயனில்லை. அன்றிரவே பாறையில் மோதி, 2 லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட கச்சா எண்ணெய் கடலில் கலந்தது. நண்பருக்கு இந்தக் கதை மனப்பாடம். அதனால்தான் படகில் ஓர் அவசரக் கட்டை உண்டு; தளத்திலுள்ள மூடியைத் திறந்து, சுக்கான் தண்டின் தலையில் செருக வேண்டும். அதில் ஒரு சூட்சுமம். சிலிண்டரின் இரு பக்கத்தையும் இணைக்கும் வால்வை முதலில் திறக்காவிட்டால், உள்ளே சிறைப்பட்ட எண்ணெய் சுக்கானைப் பூட்டிப் போட்டுவிடும். எவ்வளவு பலசாலி இழுத்தாலும் அசையாது.

"எனக்குச் சொல்லிக்கொடுங்க. நானும் வர்றேன்" என்றார் அம்மாள். நண்பர் என்னைப் பார்த்தார். நான் கடலைப் பார்த்தேன்.

மறுநாள் காலை துறைக்கு வெளியே பாய் விரித்துப் போனோம். நண்பர் சக்கரத்திலிருந்து கையை எடுத்துவிட்டு, "குழாய் வெடித்துவிட்டது" என்று அறிவித்தார். அம்மாள் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு பின்தளத்தில் இறங்கி வால்வைத் திறந்தார். மேலே வந்து மூடியைக் கழற்றிக் கட்டையைச் செருகினார். படகு ஒருமுறை தலையாட்டிவிட்டு நேரானது.

"என்னங்க, இது கையில் துடிக்குது!" என்றார்.

துடிக்கத்தான் செய்யும். சக்கரத்துக்குப் பின்னாலுள்ள தடுப்பு வால்வுகள், தண்ணீர் சுக்கானைத் தள்ளுவது கைக்குத் தெரியாதபடி மறித்துவிடுகின்றன. தோளுக்குச் சுகம்தான், ஆனால் பாய் அதிகக் காற்றை வாங்குகிறதா, படகு திணறுகிறதா என்பதை உள்ளங்கைக்குச் சொல்ல யாருமில்லை. தோளுக்காக அவர் கொடுத்த விலை அது. மூன்று வருஷமாக அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

"கொஞ்சம் கொடு" என்று அவர் இடது கையை நீட்டினார்.

"டாக்டர் என்ன சொன்னார்?" என்றார் அம்மாள், கட்டையை விடாமல்.

"அது வலது கைக்கு."